பழுதில்லை, மேலே போங்க

அந்தக் கட்டிடத்துக்கு ஒரு முறையாவது வந்து போனவர்கள் அவளை ஏணி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் ஏணியக்கா. முதல் மாடியில் உட்கார்ந்திருந்த அவள் கணவருக்குப் பெயர் பாம்பு. காரணம் சுலபம். தரைத்தளத்தில் தன்னிடம் வருகிறவர்களை அவள் மேலே அனுப்புவாள். மேலே போனவர்களை அவர் கீழே அனுப்புவார். பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஏறி இறங்கி மூச்சு வாங்கிய ஏதோ ஒரு நேரத்தில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும்.

தரைத்தளம் ஒரு ப்ராசஸர் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கம்ப்யூட்டருக்குள் எல்லாக் கணக்கையும் போடுகிற அந்தச் சின்னச் சதுரச் சில்லை மட்டும் செய்கிற கம்பெனி. முதல் மாடி ஒரு மதர்போர்டு கம்பெனியுடையது. சில்லை உட்கார வைத்து, அதற்குக் கரண்ட் கொடுத்து, இவ்வளவு வேகத்தில் ஓடு என்று சொல்கிற பலகைதான் மதர்போர்டு. இரண்டு கம்பெனிக்கும் வேறு வேறு முதலாளி, வேறு வேறு நிறத்தில் சட்டை, ஒரே படிக்கட்டு. லிஃப்டும் இருந்தது. அதில் ‘பழுது’ என்று ஓர் அட்டை நிரந்தரமாகத் தொங்கியது. கட்டிடம் நிறையப் பழுது பார்க்கிறவர்கள் இருந்தும் அதைப் பார்க்க ஆளில்லை. லிஃப்ட் கம்பெனி வயரிங் செய்தவரைக் கைகாட்டியது. வயரிங் செய்தவர் லிஃப்ட் கம்பெனியைக் கைகாட்டினார்.

ஏணி ஏமாற்றுக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளைத் திட்டிக்கொண்டே படியேறியவர்கள் நிறையப் பேர். ஒரு சில்லு கைக்கு வந்தால் ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அதன் மேல் காய்ந்திருக்கும் பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். பூதக்கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்ப்பாள். பிறகு அதைச் ‘சாது’வில் பொருத்துவாள். சாது என்பது கம்பெனி கொடுத்த சோதனைப் பலகை. அவள் வைத்த பெயர்தான். அது யாரையும் விரட்டாது. எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டுமோ அவ்வளவுதான் கொடுக்கும், எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் கேட்கும். சாதுவின் மடியில் உட்கார்ந்த சில்லு எதுவும் அழுததில்லை. அவளும் மனசாட்சியோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பாள்: பழுதில்லை, மேலே போங்க.

மேலே அவருக்கு ஒரு சோதனைச் சில்லு இருந்தது. பழைய மாடல், தடித்த தோல், மெதுவான ஓட்டம். அதற்கு ‘எருமை’ என்று பெயர். எந்தப் பலகையில் தூக்கிப் போட்டாலும், எவ்வளவு கரண்டைக் கொட்டினாலும், அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு ஓடும். வாடிக்கையாளரின் பலகையில் எருமையைப் பொருத்திப் பார்ப்பார். ஓடும். அதே சீட்டின் அடியில் அவரும் மனசாட்சியோடு எழுதுவார்: பழுதில்லை, கீழே கேட்கவும்.

அவர்கள் கல்யாணமே அந்தச் சீட்டில்தான் தொடங்கியது. அவர் மாடிக்குப் புதிதாக வேலைக்கு வந்த காலம். ‘சில்லு நன்றாக இருக்கிறது’ என்று அவள் எழுதி அனுப்பினாள். ‘பலகையும் நன்றாகவே இருக்கிறது’ என்று அழகான கையெழுத்தில் பதில் வந்தது. அவள் தன்னுடைய ‘நன்றாக’வுக்கு அடியில் ஒரு கோடு போட்டு மறுபடி அனுப்பினாள். அவர் இரண்டு கோடு போட்டார். இந்தக் கோடுகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கிய வாடிக்கையாளர் ஒருவர் கடைசியில் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டால் எங்களுக்கு இந்த அலைச்சலாவது மிச்சமாகும் என்றார். பண்ணிக்கொண்டார்கள். அலைச்சல் மட்டும் குறையவில்லை.

கம்பெனிக்கு அவள் செல்லப்பிள்ளை. மிகக் குறைவாகச் சில்லு மாற்றிக் கொடுத்த கவுண்டருக்கு வருஷா வருஷம் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாக வரும். வருஷா வருஷம் அவளுக்குத்தான் வரும். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, இடமில்லாமல் குளியலறைக் கதவுக்கு மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். வீட்டில் மணி என்னவென்று கேட்டால், எந்த அறையில் என்று திருப்பிக் கேட்பார்கள்.

வீட்டிலும் தொழில் பழக்கம் போகவில்லை. காலையில் பால் பொங்கி வழியும். தீயைக் கூட்டி வைத்தது யார் என்பாள் அவள். பாத்திரத்தில் விளிம்புவரைக்கும் ஊற்றியது யார் என்பார் அவர். பால் சரியாகத்தான் இருந்தது, அடுப்பும் சரியாகத்தான் இருந்தது என்று இருவரும் தனித்தனியாக நிரூபிப்பார்கள். அதற்குள் ஒரு கை நடுவே நுழைந்து துணியால் அடுப்பைத் துடைத்துவிட்டுப் போகும். அது அவர்களுடைய ஒரே மகளின் கை. படித்து முடித்து, அப்பாவைவிட உயரமாக வளர்ந்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா.

பாப்பா படம் வரைவாள். அசையும் படம். ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு குட்டிப் படம் முழுசாகச் செய்து அனுப்பு, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். பஸ் பிடிக்கப் புறப்படும் ஒரு நத்தையின் கதையை அவள் செய்தாள். வரைவதெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். வரைந்த அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒன்றாகக் கோத்து, ஒளியும் நிழலும் கணக்குப் போட்டு, படமாக வடித்துத் தர வேண்டும். அதற்கு அது பல மணி நேரம் மூச்சு விடாமல் உழைக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கொடுத்த பரிசு. சில்லு அம்மா கம்பெனியின் உச்ச மாடல். பலகை அப்பா கம்பெனியின் உச்ச மாடல். சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் சேர்ந்துதான் பொருத்தினார்கள். என் சில்லுக்கு உங்கள் பலகை ஈடு கொடுக்குமா என்று அவள் கேட்டதும், என் பலகையில் உட்கார உன் சில்லு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சிரிப்பாகத்தான் இருந்தது.

வடிக்கப் போட்டால் நத்தை ரோட்டைக் கடக்கும் இடத்தில் திரை இருண்டது. மறுபடி போட்டாள். நத்தை கொம்பைத் தூக்கும் நேரம் பார்த்து மறுபடி இருண்டது. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி தானாகவே உயிர் பெற்று, வணக்கம் சொல்லியது.

பாப்பா அம்மாவிடம் சொன்னாள். அம்மா சில்லைக் கழற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து, ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சாதுவில் போட்டுப் பார்த்தாள். அருமையாக ஓடியது. அப்பா பலகையைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போய் எருமையைப் பொருத்திப் பார்த்தார். அட்டகாசமாக ஓடியது. மாலையில் இருவரும் வீட்டுக்கு வந்து, பழுதில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். மறுபடி பொருத்தினார்கள். நத்தை மறுபடி ரோட்டிலேயே நின்றது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசை சம்பந்திச் சண்டை மேசையானது. எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை, உங்கள் பக்கம் வந்த பிறகுதான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்றாள் அவள். உங்கள் வீட்டில் செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறீர்கள், கொஞ்சம் வேலை சொன்னால் மயக்கம் போடுகிறான் என்றார் அவர். பிள்ளை என்று அவர்கள் சொன்னது சில்லை. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படியே வாரம் ஓடி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று காலை ஏணி கவுண்டரைத் திறந்தபோது முதல் ஆளாக பிளான்காரர் நின்றிருந்தார். வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர். அவருடைய கம்ப்யூட்டரும் இதே மாதிரி சில்லு, இதே மாதிரி பலகை. மூன்றாவது சுவரை வரையும்போது படுத்துவிடும். மாதக்கணக்காக ஏறி இறங்கியதில் தொப்பை கரைந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்குப் பின்னால், கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, டோக்கன் சீட்டைப் பல்லில் கடித்தபடி பாப்பா.

பாப்பாவின் முறை வந்ததும் பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தாள். சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள் என்றாள். வடிப்பதற்கே பகல் முழுக்க வேண்டும், இப்போது தொடங்கினால்தான் உண்டு என்றாள். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, கவுண்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் ஏணியின் வாய், அதன் இத்தனை வருஷப் பழக்கத்தில், தானாகவே திறந்துகொண்டது.

“சில்லு பார்த்தாச்சும்மா. பழுதில்லை. மேல போ.”

பாப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே மேலே அப்பாவின் வாயும் அதே மாதிரித் திறந்துகொண்டது என்று ஏணிக்குத் தெரிந்துவிட்டது. பாப்பா கவுண்டருக்கு வரவில்லை. இரண்டு தளத்துக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வருகிறவர்கள் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கவுண்டரில் இருந்து ஏணி கழுத்தை நீட்டிப் பார்த்து, வீட்டுக்குப் போய் எதையாவது யோசிக்கலாம் என்று கெஞ்சினாள்.

“பால் யாரால பொங்குச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்குள்ள, அடுப்பைத் துடைக்கிறது எப்பவும் நான்தான்மா” என்றாள் பாப்பா. “இதை என்னால துடைக்க முடியாது. நீங்களே இறங்கி, ஏறி, என்ன வேணா பண்ணிக்கோங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

ஏணி எழுந்தாள். வெள்ளைக் கோட்டோடு கவுண்டரை விட்டு வெளியே வந்து, படியின் கைப்பிடியைப் பிடித்தாள். எத்தனையோ ஆயிரம் பேரை மேலே அனுப்பியவள் அந்தப் படியில் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. முழங்கால் வலி ஒரு காரணம், தேவையில்லாதது இன்னொரு காரணம். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். எதிரே சீட்டோடு இறங்கி வந்த பிளான்காரர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

“ஏணியே ஏறுது, இன்னிக்கு மழைதான்” என்றார், பக்கத்தில் யாருமில்லாததால் சுவரிடம்.

மேலே, தலை நிமிராமல் ஏதோ பலகையில் எருமையைப் பொருத்திக்கொண்டிருந்தார் பாம்பு. எதிரில் நிழல் விழுந்ததும், “டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க” என்றார்.

“உங்க தலையில வைக்க எடுத்துட்டு வரேன். எந்திரிங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியை அந்த மாடியில் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பதறி எழுந்தார். வீட்டில் ஒன்றுமில்லை, வீடே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

இனி சட்டச் சிக்கல். அவளுடைய மேசையில் வேறு கம்பெனிப் பலகையை வைக்கக் கூடாது. அவருடைய மேசையில் வேறு கம்பெனிச் சில்லைத் தொடக் கூடாது. இரண்டு இடத்திலும் கேமரா உண்டு. படி திரும்பும் இடம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அங்கே, கட்டிடத்தைப் பெருக்குகிற அம்மா தன்னுடைய தரை கழுவும் மெஷினுக்காகப் பயன்படுத்தும் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அவளிடம் கேட்டதற்கு, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது வெடித்தால் அதையும் நான்தான் பெருக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு ஸ்டூலையும் கொடுத்தாள். பாம்பு மாடியிலிருந்து ஒரு திரையையும் கீபோர்டையும் இறக்கிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டரை ஸ்டூலில் ஏற்றி, எதையும் கழற்றாமல், எதையும் மாற்றாமல், வீட்டில் இருந்தது இருந்தபடி நத்தையை ஓடவிட்டாள் பாப்பா. அப்பா மேல்படியில், அம்மா கீழ்ப்படியில். சீட்டோடு நின்றவர்கள் எல்லோரும் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார்கள். நத்தை ரோட்டுக்கு வந்தது. கொம்பைத் தூக்கியது. திரை இருண்டது.

“மேல போங்க” என்றது கீழ்ப்படியிலிருந்து ஒரு குரல். “கீழ போங்க” என்றது மேல்படியிலிருந்து இன்னொரு குரல். இரண்டும் ஒரே நேரத்தில்.

படிக்கட்டே சிரித்தது. பாப்பா சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

ஏணி முதல்முறையாக வேறு மாதிரி ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருஷமும் இருவரும் வாடிக்கையாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் எதையாவது மாற்றினீர்களா, வேகத்தை ஏற்றி ஓட்டினீர்களா? பாப்பா எதையும் தொட்டதில்லை என்று வீட்டுக்கே தெரியும். அதனால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. இப்போது அவள் கணவரைப் பார்த்து, உங்கள் பலகை என் சில்லுக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது என்று காட்டுங்கள் என்றாள்.

அவர் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினார். அவருக்கு அது வெறும் எண். தினமும் எருமைக்குக் கொடுக்கிற அதே எண். அவளுக்கு அப்படி இல்லை. சாது என்ன கொடுக்கும் என்பது அவளுக்குத் தன் பெயரைப்போல மனப்பாடம். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தாள், பெரிய எழுத்தில் பார்த்தால் குறையும் என்பதுபோல.

“இவ்வளவா? தினமுமா?”

“அதுக்கென்ன? உங்க ஆளுங்க இவ்வளவுதான் தாங்கும்னு எப்பவாவது சொல்லியிருக்காங்களா? கேட்டா, அது சூழ்நிலையைப் பொறுத்ததுன்னு பதில் வரும்.”

“யார் ஏத்தி வெச்சது இதை?”

அவர் பாப்பாவைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக்குப் போகிற வழியே எனக்குத் தெரியாது என்றாள் அவள். பிறகு அவர் திரையைக் கீழே நகர்த்தினார். ‘உச்ச வேகம்: தானாக’ என்று ஒரு வரி. அதன் எதிரே பச்சையாக ஒரு குறி. பலகை பெட்டியில் வரும்போதே அந்தக் குறி இருக்கும். முதல் மாடியில் அவர் நாற்காலிக்குப் பின்னால், ‘பெட்டியைத் திறந்ததும் பறக்கும்’ என்று ஒரு பருந்துப் படம் மாட்டியிருந்தது. அத்தனை வருஷம் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்ததில் அதை அவர் யோசித்ததே இல்லை.

அவர் அந்தக் குறியை எடுத்துவிட்டார். சாதுவின் எண்ணை அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொன்னதை அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தது அதுதான் முதல்முறை என்று பாப்பா பின்னாளில் சொல்வாள். நத்தையை மறுபடி விட்டார்கள். இந்த முறை ரோட்டைக் கடந்துவிட்டது. எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் திரை மறுபடி இருண்டது.

ஏணிக்குப் புரிந்துவிட்டது. பலகை இனி ஒழுங்காக நடந்துகொண்டாலும் பட்ட அடி பட்டதுதான். அளவுக்கு மீறி ஊட்டி ஊட்டிச் சில்லு உள்ளுக்குள்ளேயே தளர்ந்துவிட்டது. சாதுவின் மடியில் வைத்தால் இப்போதும் சமர்த்தாக ஓடும், ஏனென்றால் சாது அதனிடம் கனமான வேலை எதையும் கேட்பதில்லை. வேறு சில்லு வைத்தால்தான் நத்தை பஸ் ஏறும். வேறு சில்லு கொடுக்க வேண்டுமென்றால், இது பழுது என்று அவள் தன் கையால் எழுத வேண்டும்.

மேலதிகாரிக்கு போன் போட்டாள். வேறு ஊரில், வேறு மாடியில் இருக்கிறவர். சோதனைப் பலகை என்ன சொல்கிறது என்று கேட்டார். ஓடுகிறது என்றாள். அப்புறமென்ன, வாடிக்கையாளர் வேகத்தை ஏற்றி ஓட்டியிருப்பார், திருப்பி அனுப்புங்கள் என்றார். வாடிக்கையாளர் ஏற்றவில்லை, பெட்டியில் வரும்போதே ஏறி வந்திருக்கிறது என்றாள். அப்படியானால் அது பலகைக் கம்பெனியின் தப்பு, மேலே அனுப்புங்கள் என்றார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வாடிக்கையாளர் என் மகள் என்றாள். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் பலகைக் கம்பெனியில்தானே இருக்கிறார், அவரிடமே அனுப்புங்களேன் என்றார்.

“அவர் பக்கத்துலதான் சார் நிக்கிறாரு. எங்க அனுப்புறது?”

அப்போதுதான் அவளுக்குத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டம் ஞாபகம் வந்தது. உலகத்திலேயே வேகமான சில்லு என்று ஏதோ பத்திரிகை போட்ட பட்டியலை கம்பெனி பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு எல்லா சென்டருக்கும் அனுப்பியிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப்போய்ச் சட்டத்தைக் கழற்றினாள். பின்னால் இருந்த பல்லி குடும்பத்தோடு இடம் மாறியது. பட்டியலின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி. அந்த வேகம் எந்தப் பலகையில், எந்த செட்டிங்கில் கிடைத்தது என்று. பூதக்கண்ணாடியை வைத்து, அந்த வரியை அப்படியே போனில் படித்துக் காட்டினாள்.

“அதே போர்டு சார். அதே செட்டிங். பேர் வாங்கும்போது ரெண்டு கம்பெனியும் ஒரே சட்டத்துக்குள்ள நிக்கிறோம். படுத்துக்கிட்டா மட்டும் தனித்தனி மாடியா?”

அதிகாரி, இதை நான் எனக்கு மேலே கேட்டு எழுத்து மூலமாகச் சொல்கிறேன் என்றார். அவருக்கும் ஒரு மேலே இருந்தது. பதில் இன்று மாலைக்குள் வருமா என்று கேட்டாள். அடுத்த மாத மாலைகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கியபோது, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மாற்றுச் சில்லுகள் இருந்த அலமாரியின் சாவி அவள் கழுத்தில்தான் கிடந்தது. கவுண்டர் பொறுப்பாளர் தன் பொறுப்பில் மாற்றித் தரலாம் என்று விதியே இருந்தது. அந்த விதியைக் கையாலும் தொடாததால்தான் அத்தனை கடிகாரம். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. பெருக்குகிற அம்மா கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயை நாலு சொட்டு விட்டுக் கொடுத்தாள். கிறீச்சென்று அது திறந்ததும் ஏணி ஒரு புதுச் சில்லை எடுத்தாள். சீட்டில் ‘பழுது’ என்று எழுதினாள். அந்த வார்த்தை அவள் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. யாரால் என்ற இடத்தில் ‘எங்களால்’ என்று எழுதி, சீட்டைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். பழைய நாட்களைப்போல ‘எங்களால்’ என்பதற்கு அடியில் ஒரு கோடு போட்டு, தன் கையெழுத்தையும் போட்டார்.

சில்லு மாறியது. நத்தை புறப்பட்டது. ரோட்டைக் கடந்தது, நிறுத்தத்தைத் தொட்டது, திரை எரிந்துகொண்டே இருந்தது. பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப்போகப் பாப்பாவுக்குப் பயம். அங்கேயே, படியிலேயே, காவல் உட்கார்ந்துவிட்டாள்.

பிளான்காரர் தொண்டையைக் கனைத்தார். “உங்க பொண்ணுக்கு மட்டும்தானாக்கா? நாங்க என்ன, வளர்ப்புப் பிள்ளைங்களா?”

ஏணி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் மேல்வரைக்கும் கீழ்வரைக்கும் நின்றவர்களைப் பார்த்தாள். எல்லோர் கையிலும் அவள் எழுதிக் கொடுத்த சீட்டு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் மகள் உட்கார்ந்திருந்த மாதிரிதான் இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று தோன்றியதும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“வரிசையா வாங்க” என்றாள். “சில்லை மட்டும் கொண்டு வராதீங்க, பலகையை மட்டும் கொண்டு வராதீங்க. முழுசா கொண்டு வாங்க. யாரும் ஏறவும் வேணாம் இறங்கவும் வேணாம். நாங்க இங்க வர்றோம்.”

நாளைக்கே வருகிறேன், தொப்பை மறுபடி வந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்றார் பிளான்காரர்.

கட்டிடம் மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் படம் வடிந்து முடிந்தது. பாப்பா அங்கிருந்தே அனுப்பினாள். ஸ்டூடியோவிலிருந்து, கிடைத்தது என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அது போதாதென்று, நத்தை கடைசியில் பஸ் ஏறியதா இல்லையா என்று பெருக்குகிற அம்மா கேட்டாள். பாப்பா போட்டுக் காட்டினாள். பஸ் கிளம்பிவிடுகிறது. ஆனால் டிரைவர் நத்தையைக் கண்ணாடியில் பார்த்து, வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வருகிறார். பாம்புக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டர் விசிறியிலிருந்து தூசி என்றார்.

அந்த வருஷம் ஏணிக்குக் கடிகாரம் வரவில்லை. விளக்கம் கேட்டுத்தான் கடிதம் வந்தது. அவள் விளக்கினாள். மறுபடி கேட்டார்கள். மறுபடி விளக்கினாள். எருமையையும் சாதுவையும் ஒரே ஸ்டூலில் வைத்து எடுத்த படம் ஒன்றையும் கூட அனுப்பினாள். வேலை போகவில்லை. அவளைத் தூக்கிவிட்டு அந்த வரிசையைச் சமாளிக்க வேறு ஆளில்லை என்பது அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. இப்போது புதிதாக வரும் பலகைகளில் அந்தப் பச்சைக் குறி இருப்பதில்லை என்று பாம்பு சொல்கிறார். யார் எடுத்தார்கள் என்று கேட்டால், இரண்டு கம்பெனியும் நாங்கள்தான் என்கின்றன.

பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறாள்.

அவள் வேலைக்குப் போன முதல் வாரத்தில் ஒரு நாள் பால் பொங்கியது. சத்தம் கேட்டு இருவரும் ஓடிவந்து அடுப்பின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஏணி வாயைத் திறந்தாள். மூடினாள்.

“தீயைக் கூட்டி வெச்சது நான்தான்” என்றாள்.

“இல்ல, விளிம்புவரைக்கும் ஊத்தினது நான்.”

“நான் குறைச்சிருந்தா நீங்க ஊத்தினதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

“நான் அளவா ஊத்தியிருந்தா நீ கூட்டினதுக்கும்தான் ஒண்ணும் ஆகியிருக்காது.”

யாருடைய தப்பு பெரிது என்பதில் பேச்சு சூடுபிடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடுவே ஒரு கை வரவில்லை என்று இருவருக்கும் உறைத்தது. பால் மேடையில் ஓடி, விளிம்பில் சொட்டி, தரையில் குளமாகியிருந்தது. ஏணி துணியை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். பாதியை அவரிடம் கொடுத்தாள்.

“மேல நீங்க, கீழ நான்” என்று குனியப் போனவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “கால் மடங்க மாட்டேங்குது. இன்னிக்கு மட்டும் நீங்க கீழ வாங்க.”

“டோக்கன்?” என்றார் அவர், உட்கார்ந்துகொண்டே.